கழுகு இறங்காத பாறை

பென்னாகரம் செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு, வேறு வேலை தேடி நடந்துகொண்டிருந்தேன். பாறைமேட்டில் செத்த மாட்டின் நாற்றம் வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். பிணந்தின்னிக் கழுகு ஒன்றுகூட இல்லை.

சிறுவயதில் எங்கள் ஊர்ப் பாறையில் செத்த மாட்டைப் போட்டால் அவை வெயிலை மறைத்து இறங்கும். இறக்கைச் சத்தம் கேட்டதுமே பயந்து வீட்டுக்குள் ஓடிவிடுவேன். "வெளிய படுக்காதடா, பொணம்னு நெனச்சுக் கொத்திரும்" என்று அம்மா மிரட்டுவாள். மாலைக்குள் எலும்புதான் மிஞ்சும்.

இந்த மாடு ஊதிக் கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து தலை தூக்கிய நாய்கள் என்னைச் சூழ்ந்தன. அசையாமல் நின்று, கழுகுகள் வராதா என்று ஏங்கினேன்.

அந்தப் பக்கமாக வந்த மாட்டின் சொந்தக்காரர் கல்லெறிந்து நாய்களை விரட்டினார். "வலி ஊசி போட்ட மாட்டைத் தின்னுதான் கழுகெல்லாம் செத்துப்போச்சுங்க. இப்ப நாய்ங்க ராஜ்ஜியந்தான். பொதைக்க ஆளில்ல, நாளைக்குக் காலையில நீங்க வர்றீங்களா?"

மறுநாள் காலை, நாய்களைப் பார்த்துப் பயந்தபடியே, அந்த மாட்டுக்குக் குழி வெட்டத் தொடங்கினேன்.