மடியில் விழாத அரிசி

இந்த ஊரில் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்ட மாட்டார்கள். ஒரே கட்டடத்தின் மாடியில் இருப்பவர்கூட, ஒரு வாய் காபிக்கு வருவதென்றால் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டுதான் வருவார். மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அது ஒரே சிரிப்பாக இருந்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கதவு என்பது ராத்திரி நாய் நுழையாமலிருக்கத்தான். இப்போது எனக்கும் பழகிவிட்டது. மணி அடித்தால், யாரடா இந்த நேரத்தில் என்று எரிச்சல்கூட வருகிறது. போன ஜனவரியில், பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று சாயங்காலம் அப்படித்தான் மணி அடித்தது.

திறந்தால் மூன்று பிள்ளைகள். தலையில் காகிதக் கிரீடம், தோளில் ஜன்னல் திரைத் துணி, ஒருவன் கையில் கம்பில் செருகிய நட்சத்திரம். பின்னால் முற்றமெல்லாம் பனி. ஒரு பாட்டுப் பாடி முடித்ததும் நடுவில் நின்ற சிறுமி தகர டப்பா ஒன்றை என் பக்கம் நீட்டினாள். அவ்வளவுதான், என் கால் அடுப்படிக்கு ஓடியது. ஏன் ஓடினாய் என்று கேட்டால் அந்த நிமிடத்தில் எனக்கே தெரியாது. ஒரு கப் நிறைய அரிசியை அள்ளி வந்து டப்பாவில் சாய்த்தேன். காசு போடுகிற டப்பாவுக்குக் கீறல் மாதிரி ஒரு வாய்தானே இருக்கும்! அரிசி முழுக்க வாசற்படியிலும் பனியிலும் கொட்டியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சிறுமி ரொம்ப மரியாதையாக, "இது இந்தியாவில் இருக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு" என்று எனக்கு விளக்கினாள். டப்பாவில் என்னைப் போலவே கறுத்த ஒரு பிள்ளையின் படம் ஒட்டியிருந்தது. சில்லறை எடுத்துப் போட்டேன். சாக்கட்டியால் என் கதவு நிலையில் ஆசீர்வாத எழுத்துகளை எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அது அந்தப் பிள்ளைகளால் வந்த வெட்கமில்லை. பழைய வெட்கம்.

என் அம்மா பிரகாசி கருவாட்டுக்காரி. விடியுமுன் கடற்கரையில் மீன் எடுத்து, உப்பிட்டுக் காயப்போட்டுவிட்டு, முன்பே காய்ந்ததைக் கூடையில் சுமந்து பஸ் ஏறி சாயர்புரம் பக்கம் வீடு வீடாக விற்றுவிட்டு, கோயில் மணி அடிக்கும் முன் வீடு திரும்பிவிடுவாள். அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அவர், நான், தம்பிகள் இரண்டு பேர் எல்லோரும் மணிச் சத்தத்துக்கு மாதா படத்தின் முன்னால் முழங்காலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று வீடு ரெண்டுபடும். பகலெல்லாம் நடந்த அசதியில் ஜெபமாலை பாதியில் அம்மாவின் தலை தொங்கிவிடும். வாய் மட்டும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஜெபம் முடிந்ததும் சோற்றையும் மீன் குழம்பையும் ஒரே சட்டியில் பிசைந்து உருட்டி, சுற்றியிருக்கிற ஒவ்வொரு கையிலும் வைப்பாள். அப்பாவும் கை நீட்டுவார். அந்த வட்டத்தில் கை நீட்ட எனக்கு ஒரு நாளும் கூசியதில்லை.

நான் விமானம் ஏறியபோது, போகிற இடத்தில் பனி கொட்டுமாமே என்று அப்பா கவலைப்பட்டார். பனிமய மாதா இருக்கிற ஊரிலிருந்து போகிறவளுக்குப் பனி என்ன செய்யும் என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள். அன்றே ஒரு நேர்ச்சையும் நேர்ந்துவிட்டாள். மகள் நல்லபடியாகத் திரும்பினால், அவளையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் சோறு பொங்கி, மாதா திருவிழாவுக்கு ஊருக்கே அசனம் என்று சாப்பாடு போடுவதாக. யாரிடமும் கடன் என்று ஒரு பிடி உப்புக்கூட வாங்காதவள் அவள்.

முதல் விடுமுறைக்கு ஆகஸ்டில் போனேன். விஷயத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கிறவள், கைக்கடிகாரம் கட்டியவள், தெருவில் பிச்சை எடுப்பதா? ஒரு மூட்டை அரிசி நானே வாங்கிப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வாங்குனா அது கடை அரிசிளா. நான் நேர்ந்தது பிச்சை அரிசி" என்றாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் செருப்பில்லாமல் இறங்கினோம். அம்மா முந்தியை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும், "மாதாவுக்கு நேர்ந்த பிச்சை போடுங்க தாயி" என்று கணீரென்று கேட்டாள். கருவாடு விற்கிற அதே குரல்தான். புழுங்கலரிசி, பச்சரிசி, குருணை என்று யார் வீட்டில் எது இருந்ததோ அது அவள் மடியில் விழுந்தது. நான் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெருக்கோடியில், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த விமலாவின் வீடு. இடுப்பில் குழந்தையோடு அவளே வெளியே வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படி நிறைய அரிசி எடுத்து வந்தாள். என் மடிக்கு நேரே படியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா என் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

"கேளுளா. ஒரு வீட்டுலயாவது நீ வாயத் தொறந்து கேட்டாத்தான் நேர்ச்சை சேரும்."

என் வாயில் வந்தது இதுதான்: "அம்மாவுக்குத்தான் நேர்ச்சை விமலா. நான் சும்மா துணைக்கு வந்தேன்."

விமலா படியை அப்படியே நகர்த்தி அம்மாவின் மடியில் போட்டாள். அம்மா முந்தியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குத் திரும்பும் முக்கில் நின்றாள். தன் மடியிலிருந்து அரிசியை அள்ளி அள்ளி என் முந்தியில் போட்டாள். "வெறும் மடியோட போனா அப்பா கேப்பாவ" என்றாள். அவள் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.

அசனத்தில் ஊர் சாப்பிட்ட பிறகு கடைசியாக நாங்கள் உட்கார்ந்தோம். பல வீட்டு அரிசி ஒரே பானையில் வெந்ததால் பாதி குழைந்தும் பாதி வேகாமல் விதையாகவும் இருந்தது. தம்பிகள் கேலி செய்தார்கள், அப்பா சிரித்தார், அம்மா எல்லோருக்கும் உருட்டி வைத்தாள். என் கையில் வைக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "அடுத்த லீவுல வரும்போது கேட்டுக்கிடலாம். மாதா பொறுப்பா" என்றாள். மாதா பொறுத்தாளோ என்னவோ, அம்மாவுக்கு வந்த காய்ச்சல் பொறுக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு முன்னால் தந்தி வந்தது. அந்த நேர்ச்சை சேராமலே கிடக்கிறது. அங்கிருந்து வந்து இங்கே குளிரில் கிடக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி என்ன என்ன கிடக்கிறதோ, நான் அறியேன்.

ராஜாக்கள் போன பிறகு வாசலில் குனிந்தேன். நேர்ச்சை அரிசி கால்பட்டுக் கிடக்கக்கூடாது என்பாள் அம்மா. நான் கொட்டியது நேர்ச்சை அரிசி இல்லைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இருட்டில் வெள்ளைப் பனியில் வெள்ளை அரிசி கண்ணுக்கே தெரியவில்லை. ஸ்வெட்டர் ஓரத்தை ஏந்திக்கொண்டு தடவித் தடவிப் பொறுக்கினேன்.

மாடிவீட்டுப் பெண்மணி ஃபிராவ் கெல்லர் கடைப் பையோடு வந்தார். என்னைப் பார்த்து நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, உதவி வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனுஷி, உண்மையாகவே கேட்டார். ஆமாம், கொஞ்சம் விளக்குப் பிடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நைன், டாங்கே" என்றேன். வேண்டாம், நன்றி.

அவர் தலையசைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனார். ஒரு கால் வீட்டுக்குள் கம்பளிச் செருப்பிலும், மறுகால் வெளியே பனியிலுமாகக் குந்தி, நான் யாரிடமும் கேட்காமல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மடியில் பாதி அரிசி, பாதி பனி.