எது விரிசல்

அணுமின் பாதுகாப்பு ஆணையத்தில் அவர் இருபத்திரண்டு வருடம் ஆய்வாளர். நிலையத்துத் தொழிலாளர்கள் வைத்த பெயர் டார்ச் அக்கா. குழாய்களுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்வியபடி, வெல்டிங் வைத்த இடங்களை விரலால் தடவுவார். பிறகு கருவி வைத்து அளப்பார். கோளாறு இருந்தால் சிவப்பு அட்டை கட்டுவார்; அது தொங்கும்வரை அதை ஓட்டக் கூடாது. கட்டியவர்தான் வெட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் பழைய விதி.

ஆபத்து நேரத்தில் உலைக்குத் தண்ணீர் தள்ள வேண்டிய பம்பின் குழாயில் ஒரு விரிசலைக் கண்டு அட்டை கட்டினார். குழாயை மாற்ற நான்கு மாதம். அதுவரை உலையை ஓட்ட முடியாது.

தேர்தல் நேரம். நிலையத்தை நடத்தும் கம்பெனி ஆளுங்கட்சிக்குப் பெரிய நன்கொடை கொடுத்தது, சட்டப்படி, ரசீதோடு. கட்சிக்கு வசூல் பார்ப்பவர் டார்ச் அக்காவின் கொழுந்தன்தான். வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் பேச்சை எடுத்தார்.

"ஏன் அண்ணி, மயிரிழை மாதிரி ஒரு கோடாமே?"

"நீங்களே வந்து படுத்துப் பாருங்க தம்பி. டார்ச் நான் தர்றேன்."

"எனக்கெதுக்கு அது? மேல பேசியாச்சு. அட்டைய நீங்களே வெட்டிட்டா மரியாதையா முடிஞ்சிரும்."

"இல்லன்னா மரியாதை இல்லாம முடியுமாக்கும்."

கொழுந்தன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

டார்ச் அக்கா வெட்டவில்லை. ஆணையத்துக்குப் புது உறுப்பினர் வந்தார். நேற்றுவரை கம்பெனியின் வக்கீல். பத்தே நாளில் சுற்றறிக்கை: மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறைந்தது இனி விரிசல் அல்ல, 'மேற்பரப்புக் குறி'. அட்டையை ஆணையத்தின் இயக்குநரும் வெட்டலாம். டார்ச் அக்கா அளந்தது இரண்டரை. இரும்பில் ஒன்றும் மாறவில்லை.

பதினொரு வருடமாக நிலையத்துக்குள் கால் வைக்காத இயக்குநர், இரவல் ஹெல்மெட்டும் கத்தரிக்கோலுமாக வந்தார். ஆள் வேலை செய்யும் மோட்டாரிலும் சிவப்பு அட்டைதான் கட்டுவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கண்ணில் பட்ட முதல் அட்டையைப் பிடித்தார். கூட வந்த டார்ச் அக்கா தடுத்தார்.

"சார், அத விடுங்க. உள்ள ஃபிட்டர் கை இருக்கு. வெட்டினா கரண்ட் விட்டுருவாங்க."

மோட்டாருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னும் உயிரோடதான் இருக்கேன் சார்."

இயக்குநர் கையை இழுத்துக்கொண்டார். "அப்ப எதும்மா?"

"படிச்சுப் பாருங்க. என் கையெழுத்து இருக்கும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, கண்டுபிடித்து, வெட்டினார்.

"மனசுல வச்சுக்காதம்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"எங்க சார் இருக்காங்க?"

"வெளிநாட்டுல."

டார்ச் அக்கா தன் பையிலிருந்து புது அட்டையை எடுத்து, இரண்டரை மில்லிமீட்டர் என்று எழுதி, அதே இடத்தில் கட்டினார். இயக்குநர் வெட்டினார். மறுபடி கட்டினார். மறுபடி வெட்டினார். இதைத் துணிச்சல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சம்பளம் வாங்கும் வேலையைத்தான் செய்தார். அதுவே துணிச்சலாகத் தெரியும் அளவுக்கு அந்த இடம் அழுகிப் போயிருந்தது.

பையில் அட்டை தீர்ந்தது. ஸ்டோருக்குப் போய் ஒரு கட்டு கேட்டார். ஸ்டோர்க்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"டைரக்டர் கையெழுத்து வேணுமாம்க்கா. இப்பதான் போன் வந்துச்சு."

அன்று மாலை உலையை ஓட்டினார்கள்.