எல்லாரும் காது வைத்த நெஞ்சு

முதல் நாள் லிஃப்ட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறியவன் நான். மூன்றாவது மாடியில் வெறுங்காலோடு இறங்கி நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, செருப்பு அடுத்த ட்ரிப்ல தனியா வருமா?"

வராந்தாவில் யாரும் கவனிப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு கீழே போய் எடுத்து வந்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள் வைத்த முதல் கால் என்னுடையது. அது வெறுங்கால் என்பது எங்கள் இருவரோடு நின்றுபோனது. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

நான் படித்தது மருத்துவ ஆய்வகப் பட்டப்படிப்பு. முதல் பருவத்தில், உடலியங்கியல் செய்முறை வகுப்பில், இதய ஒலி கேட்கும் நாள் வந்தது. ஒருவர் நெஞ்சில் ஒருவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டோம். லப், டப். இதயத்துக்குள் இருக்கும் வால்வுகள், கதவு மாதிரி, இரண்டு தவணையாக மூடும் சத்தம். அப்புறம் துறைத்தலைவர் "இப்போ நம்ம ஸ்பெஷல்" என்று கைகாட்ட, லிஃப்ட்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி வந்து மேஜைமேல் மாப்பிள்ளை மிடுக்கோடு படுத்தார். அவர் நெஞ்சில் லப்புக்கும் டப்புக்கும் நடுவே 'உஷ்' என்று ஓர் இழுப்பு.

"நல்லா கேக்குதா? என் நெஞ்சைக் கேக்காம இங்க ஒருத்தனும் பாஸ் பண்ணதில்ல, தெரிஞ்சுக்கோ."

துறைத்தலைவர் பேச்சை எடுத்தாலே அண்ணன் குரல் குழையும். "முன்னெல்லாம் ஃபைலைத் தூக்கிட்டு மாடி மாடியா அலைஞ்சேன். சார் முதல் தடவை என் நெஞ்சைக் கேட்ட வாரமே லிஃப்ட்ல உக்கார வச்சுட்டார். கூடப்பொறந்தவன் செய்வானா?"

அடுத்த பருவத்தில் நுண்ணுயிரியல். மைக்ராஸ்கோப்பில் ஊதா நிற மணிகளைக் கோத்த மாதிரி ஒரு கிருமியைக் காட்டினார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பெரும்பாலும் தொண்டை வலியோடு போய்விடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் அப்படி முடிவதில்லை. கிருமியை அடிக்க உடம்பு அனுப்பும் காவல்படை, அதன் சாயல் இதய வால்விலும் இருப்பதால் ஆள் தெரியாமல் அதையும் அடித்துவிடுகிறது. முட்டி வீங்கும், காய்ச்சல் அடிக்கும், எல்லாம் வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் தங்கிவிடும். பிறகு அந்தக் கதவு சரியாக மூடாது. ரத்தம் பின்னுக்குக் கசியும். கசியும்போது சத்தம் கேட்கும்.

எனக்கு அந்த 'உஷ்' ஞாபகம் வந்தது. மதியமே அண்ணனை லிஃப்ட்டில் பிடித்தேன்.

"அண்ணே, சின்ன வயசுல தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டி வீங்குச்சா?"

"ஆமா, நடக்க முடியாம ஸ்கூலுக்கே போகல. உனக்கு யாரு சொன்னா? ஜோசியமும் சொல்லித் தர்றாங்களா?"

"வால்வு ஓட்டையா இருக்கும்ணே. மறுபடி அந்தத் தொண்டை வலி வராம இருக்க அப்பவே ஊசி போட்டுட்டு வந்திருக்கணும். ஸ்கேன் எடுங்க."

"போடா. எத்தனை பேரு காது வச்சிருக்காங்க! நோய்னா ஒருத்தராவது வாயைத் திறந்திருக்க மாட்டாங்களா?"

இரண்டாவது மாடியில் துறைத்தலைவரே ஏறினார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "சார், இந்தத் தம்பி என் நெஞ்சுல ஓட்டைங்குது" என்றார்.

"பாதி படிச்ச பசங்களுக்குப் பாக்கறவன் எல்லாம் நோயாளிதான்" என்றார் அவர், எண் ஓடும் விளக்கைப் பார்த்தபடி. அண்ணன் எனக்குக் கண்ணடித்தார். எனக்குக் காது சுட்டது.

சில வாரம் கழித்து லிஃப்ட் பழுதாகிவிட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணன் ஆபீஸ் ஃபைல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். பின்னால் நான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. மேலிருந்து துறைத்தலைவர் பதறி ஓடிவந்தார்.

"உன்னை யாருய்யா படி ஏறச் சொன்னது? உனக்கு ஆகாதுன்னுதானே லிஃப்ட்ல போட்டேன்!"

அண்ணன் மூச்சு வாங்கியபடியே தலையைத் தூக்கினார்.

"எனக்கு ஏன் சார் ஆகாது?"

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். "அது... பாத்துக்கலாம்பா" என்றார்.

"தெரிஞ்சுதான் ஸ்டூல் போட்டீங்களா?"

அண்ணன் கட்டை அங்கேயே விட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வாசல்வரை என் தோளை விடவில்லை.

மறுநாள் அண்ணியும் நானும் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "இதயம் நல்லா வீங்கிப்போச்சு. முன்னாடியே வந்திருந்தா உங்க வால்வையே தைச்சுச் சரி பண்ணியிருக்கலாம். இப்போ எடுத்துட்டு உலோக வால்வுதான் வைக்கணும்" என்றார் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அண்ணி, "தினமும் பெரிய படிப்புக்காரங்க நடுவுல இருக்கார்னு தைரியமா இருந்தேனே" என்று உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே அழுதார்.

ஆபரேஷன் முடிந்து வார்டில் இருந்தபோது துறைத்தலைவர் ஆப்பிள் பையோடு வந்தார். நலம் விசாரித்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து காதைச் சாய்த்தார். உலோக வால்வு கடிகாரம் மாதிரி டிக் டிக் என்பது பக்கத்தில் நின்றாலே கேட்கும்.

"அருமையான சத்தம்யா" என்றார். அவர் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தது. "உடம்பு தேறினதும் நம்ம பசங்களுக்கு..."

இருமும்போது தையல் வலிக்காமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதை எடுத்து நெஞ்சை மூடிக்கொண்டார்.

"லிஃப்ட் நின்னுபோச்சு சார். படியில இறங்கிப் போங்க."

ஆப்பிளை அண்ணி பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. இப்போது ஒரு துணிக்கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறார். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். மாதாமாதம் நான் வேலை பார்க்கும் லேபுக்கு வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறார். ரிசல்ட்டை உறையில் போட்டு நீட்டினால் வாங்குவதில்லை. "வாயால சொல்லு" என்கிறார். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.