சித்தி கண்ணடித்த கதை

கொழுந்துக் கங்காணியைப் பார்த்து என் சித்தி கண்ணடித்தாள் என்ற செய்தி, மலையில் வேலை முடிவதற்குள், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. வம்புக்கு அந்தக் கஷ்டம் இருந்ததில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருந்தாள். பல மாதங்களாக அவளுக்குத் தலைவலி. கொழுந்து பறிப்பவளுக்குத் தலை வலித்தால் எங்கள் லயத்தில் யாரும் யோசிப்பதில்லை. பழி கூடைக் கயிற்றின் மேல்தான். தலையில் மாட்டுகிற கயிறு அழுத்துகிறது என்று அம்மா அதற்கடியில் பழைய துணியை மடித்து வைத்தாள். வலி போகவில்லை. இன்னொரு துணி வைத்தாள். பிறகு ஒரு காது மந்தமானது. அதற்கும் கயிறுதான் காரணம் என்றார்கள்.

கண் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் எனக்குத் தலை வாரும்போது, நான் இரண்டு பேராகத் தெரிகிறேன் என்றாள். ஒரு கண்ணை மூடினால் ஒருத்தியாகிவிடுவேனாம். எனக்கு ஏழு வயது, விடுவேனா? விரலைக் காட்டினேன், பூனையைத் தூக்கிக் காட்டினேன், "இதுல எது நெசம்?" என்று நச்சரித்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிறாத. வேலைக்கு வர வேணாம்னு சொல்லிருவாங்க," என்றாள் சித்தி.

அதனால்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொழுந்து பறித்தாள். கங்காணி எதிரே வந்து நின்றது அவருடைய கெட்ட நேரம்.

அன்று சாயங்காலமே அவருடைய மனைவி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். "வயசுப்புள்ள பண்ற வேலையா இது? வீட்டுல கேக்க ஆளில்லையா?"

லயமே கூடிவிட்டது. சித்தி தலைகுனிந்து நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, சித்திக்கு நீங்க ரெண்டு பேரா தெரியிறீங்க. அதான் ஒரு கண்ண மூடிக்கிறாங்க."

யாரோ சிரித்தார்கள். கங்காணியின் மனைவி சிரிக்கவில்லை. சித்தியின் முகத்தை நிமிர்த்தி, தன் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதையே பார்க்கச் சொன்னார். ஒரு கருவிழி விரலோடு போனது. மற்றது பாதி வழியில் நின்றுவிட்டது.

"அடியே, இது கயிறு பண்ணுன வேல இல்லடி," என்றார். அவர் குரலே மாறியிருந்தது. மறுநாள் காலையில் அவரே சித்தியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கிருந்து கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வு வீங்கித் தடித்து, நரம்புகளை அழுத்துகிறதாம். அபூர்வமான நோயாம். இன்னும் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை, அம்மா அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னாள். மாத்திரைகளால் சித்தியின் முகம் உப்பியது. வலி மெல்ல மெல்லத் தணிந்தது.

ஒரு காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றேன். சித்தி இரண்டு கண்களையும் திறந்து என்னையே வெகுநேரம் பார்த்தாள். "நீ ஒருத்திதான்டி! ஒருத்திதான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கோ பெரிய ஏமாற்றம். "அப்ப இன்னொருத்தி எங்க போயிட்டா?" என்று கேட்டேன்.

சித்தி என் தோளில் முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதாள். விளையாட்டு முடிந்துபோன வருத்தம் அவளுக்கும் இருக்கிறது என்று நினைத்து, நானும் சேர்ந்து அழுதேன்.