பின்சீட்டில் கேட்ட பாட்டு

அந்தப் பழைய ஆங்கிலப் பாட்டு எனக்கு இன்றும் முழுதாக விளங்காது. ஒரு பையன் கார் ஓட்டுகிறான், பக்கத்தில் அவனுடைய காதலி, கிற்றார் துள்ளுகிறது. இவ்வளவுதான் விளங்கும், இவ்வளவு போதும்.

கல்யாணப் பெண்ணாக ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டேன். கல்யாண எழுத்து, அதுதான் பதிவு, முடியும்வரை எங்களைத் தனியே விடமாட்டார்கள். அவர் ஓட்டுவார், பக்கத்தில் அவருடைய அண்ணை, பின்னால் அண்ணியும் நானும். அந்தப் பாட்டு வந்தால் அவர் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். அண்ணை உடனே குறைத்துவிடுவார். அந்த முதுகைப் பார்த்து நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

போன கோடையில் நானே அந்த அண்ணையாகிவிட்டேன்.

மகளுக்குப் பதினேழு. இங்கே அந்த வயதிலேயே லைசன்ஸ் கிடைக்கும். ஆனால் பதினெட்டு ஆகும்வரை, லைசன்ஸ் கடதாசியில் பெயர் பதிந்த ஒரு பெரியவர் காரில் இருக்கவேண்டும். அவளுடைய அப்பா வேகமாகக் கார் ஓடித் தண்டப் புள்ளிகள் சேர்த்து வைத்திருந்ததால் அவர் பெயர் எடுபடவில்லை. அவள் ஓட, பக்கத்தில் இருந்து இல்லாத பிரேக்கை மிதித்ததெல்லாம் நான்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றாள். கூடப் படித்த ஜெர்மன் பெடியன் திங்கட்கிழமை வேலை பழக ஹனோவருக்குப் போகிறானாம்.

"அவனை ஒருக்கால் காரிலை ஏத்திக்கொண்டு ஓடவேணும் அம்மா. நீங்கள் வராட்டில் ஏலாது."

"எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று பாய்ந்தேன். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு மனம் கேட்கவில்லை. காலில் சப்பாத்தைக் கொளுவினேன்.

அவன் பின்னால் ஏறி, அவள் பழக்கிவிட்ட "வணக்கம்" ஒன்றைச் சொன்னான். பிறகு மூவரும் ஊமைகள். வானொலியில், நம்பமாட்டீர்கள், அதே பாட்டு! மகள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். என் கை சத்தத்தைக் குறைக்கப் போய்விட்டது. வெட்கமாக இருந்தது.

"ஓரமா நிப்பாட்டு. நான் பின்னாலை வாறன், அவரை முன்னாலை இருக்கச் சொல்லு."

"அப்பிடி விடுவாங்களோ அம்மா?"

"ஓம். நான் காருக்குள்ளை இருந்தாக் காணும், எந்தச் சீட்டெண்டாலும் சரி. கடதாசியை வாசிச்சனான்."

அதற்குப் பிறகு அவர்கள் ஓயாமல் கதைத்தார்கள். நான் சரிவிலிருந்த திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு முறை அதே பாலத்தைக் கடந்தோம், ஏனென்று நான் கேட்கவில்லை.

அவன் வீட்டுக்கு முன்னால் கார் நின்றது. நான் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினேன். கிடைக்க நெடுநேரம் எடுத்தது.

கதவு சாத்திய சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவள் அழுதுகொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"முன்னாலை வாங்கோ அம்மா."

போய்ப் பக்கத்தில் இருந்தேன். நானும் அழுதேன்.