தொழுவத்துக்கு ஒரு பெயர்க்கல்

மாட்டுத்தொழுவம் வாங்கினவள் என்றுதான் பாறசாலைப் பக்கம் லீலாபாயைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்வார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதுக்கு எட்டத்தான் செய்தது. மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்து, தலை நரைத்துத் திரும்பி வந்த ஒருத்தி, கள்ளிக்காடு ஊருக்கும் மேலே, கரண்டும் ரோடும் எட்டாத மலையில் இடிந்து கிடந்த ஒரு கல்தொழுவத்தை ஏன் வாங்கினாள் என்று ஒருத்தராவது அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யார் கேட்டார்கள்?

காரணம் இதுதான். அவள் சம்பளத்தில் இரண்டு வீடு எழும்பியது. இரண்டிலும் அவள் பெயர் இல்லை.

முதல் வீடு பாறசாலையில், அப்பா பொன்னையனின் ஓலைப்புரையை இடித்த இடத்தில். அஸ்திவாரம் முதல் மாடியில் தண்ணீர்த் தொட்டி வரை எல்லாம் அவள் கண்விழித்து டியூட்டி பார்த்த காசு. லீவில் வந்து பார்க்கிறாள், வாசல் சுவரில் பளபளவென்று கறுப்புக் கல். 'பொன்னையன் நினைவு இல்லம்' என்று பொன்னெழுத்தில் வெட்டி, அதற்குக் கீழே 'கட்டியது: மகன் ஈசாக்' என்று ஒரு வரி. ஈசாக் அவளுடைய தம்பி, சபைக் கமிட்டியில் பெரிய ஆள். அதுவரை அவன் கட்டியது இடுப்பில் இருந்த லுங்கி ஒன்றுதான். அப்பா போய் வருடம் கூடத் திரும்பாத நேரம். வீட்டில் சண்டை வேண்டாம் என்று லீலாபாய் விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது, நெய்யாற்றின்கரையில் கணவன் சுந்தரதாஸின் வீடு. மாடி முழுவதும் அவள் காசில் எடுத்தது. சுந்தரதாஸ் நெஞ்சுவலியில் போனார். நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்கும் முன்னே அவருடைய அண்ணன் வந்து, "இனி ஒனக்குத் தம்பி வீடு உண்டுல்லா" என்றார். மனை அண்ணன் பெயரில் இருந்தது. லீலாபாய் ஒரு பெட்டியோடு இறங்கினாள்.

அந்த ஊர்களில் கிறிஸ்தவ வீட்டுக்குக் கூரை எவ்வளவு முக்கியமோ வாசல் கல்லும் அவ்வளவு முக்கியம். புது வீட்டுப் பிரதிஷ்டை நாளில் கல்லுக்கு மேல் பட்டுத்துணி தொங்கும். போதகர் ஜெபம் பண்ணித் துணியை இழுப்பார். கல்லில் உள்ளதை உரக்க வாசிப்பார். கூட்டம் ஆமென் சொல்லும். அதோடு தீர்ந்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஆமென் சொன்ன பெயர்தான் ஊருக்கு வீட்டுக்காரன். தன் பெயருக்கும் ஒருமுறை அந்த ஆமெனைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் லீலாபாயின் வெறி. யார் மனையும் வேண்டாம், யார் தயவும் வேண்டாம். அதற்குத்தான் மலையேறினாள்.

பழைய எஸ்டேட்காரன் எவனோ காளைகளுக்கென்று கட்டிய தொழுவம் அது. கருங்கல் சுவர் அசையாமல் நின்றது. கூரை விழுந்து, நல்லமிளகுக் கொடி உள்ளே இறங்கியிருந்தது. தரையில் காய்ந்த சாணம் அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தது. லீலாபாய் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் அதைத் தானே வெட்டி எடுத்தாள். கீழ்ச்சரிவில் ரப்பர் வெட்டும் அம்மிணி ஒருத்திதான் கேட்காமலே வந்து கூடை பிடித்தாள்.

"அக்கா, இதுல என்னத்தக் கண்டிய?" என்றாள் அம்மிணி.

"இதுக்கு அண்ணனும் இல்ல தம்பியும் இல்ல. அதக் கண்டேன்" என்றாள் லீலாபாய்.

ஜீப் பாதி மலையோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை ஓடும் மணலும் சிமெண்டும் தலைச்சுமைதான். ஊற்றிலிருந்து தண்ணீருக்கு ஓஸ் குழாய் இழுத்தால் குரங்கு கடித்துப் போட்டது. மறுபடி இழுத்தாள். அதையும் கடித்தது. மண்ணுக்குள் புதைத்தாள். வெளிச்சத்துக்குக் கூரையில் சோலார் பலகை ஏறியது. அது போதும், ஆபீஸ் ஆபீஸாய்ப் போய்க் கரண்டுக் கம்பம் கேட்டு நிற்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

கொத்தனார் சஜுவோடுதான் பெரிய மல்லுக்கட்டு. நல்ல வேலைக்காரன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் வெறும் கல்சுவரைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும்.

"சிஸ்டரே, பூசி ஒரு ரோஸ் பெயிண்டு அடிச்சாத்தான் வீடாட்டுத் தோணும். இப்பப் பாத்தா தொழுவம்தானே?"

"தொழுவம்தான். ஒனக்கு வீடாட்டுத் தோணண்டாம். கல்லு கல்லாட்டு இருக்கட்டு."

அவன் தலையாட்டினான். அவள் ஆணியும் கொக்கியும் வாங்கக் கள்ளிக்காட்டுக்கு இறங்கின நேரம் பார்த்து, வாசல் பக்கச் சுவரை வழவழவென்று பூசி வைத்துவிட்டான். நல்லது செய்ததாக நினைப்பு. லீலாபாய் வந்து பார்த்தாள். சஜுவின் கரண்டியைப் பிடுங்கி, ஈரம் காயாத பூச்சு முழுவதையும் வழித்துத் தரையில் எறிந்தாள். அவள் வீட்டில் அவள் சொல்லுக்கு என்ன விலை? அதன் பிறகு சஜு ஒவ்வொரு கல்லுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் வைத்தான்.

இவ்வளவு பிடிவாதம் உள்ளவள் ஒரே ஒரு இடத்தில் ஏமாந்தாள். வாசல் கல் வெட்டச் சொல்வதும் போதகரை அழைப்பதும் குடும்பத்து ஆண்பிள்ளை செய்வது என்பது ஊர் வழக்கம். ஈசாக் தேடி வந்து அந்த வேலையைக் கேட்டான். தொழுவம் என்று சிரித்தவர்களில் முதல் ஆளே அவன்தான். அதுவும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தூக்கி வளர்த்த தம்பி, இதையாவது நேராகச் செய்யட்டும் என்று விட்டாள்.

"பேரு என்ன போடணும் அக்கா?"

"லீலாபாய். அதுமட்டும் போதும்."

"அதொக்க நான் பாத்துக்கிடுவேன்" என்றான். நல்லாத்தான் பாத்துக்கிட்டான், பாவி.

பிரதிஷ்டைக்கு முந்தின சாயங்காலம் கல் வந்தது. சணல்சாக்கில் பொதிந்தே வந்தது, துணி மூடியே சஜு பதித்தான். திறக்குமுன் பார்த்தால் ஐசுவரியம் இல்லை என்று ஈசாக் சொல்லி வைத்திருந்தான். மறுநாள் காலையில் சபையார் மூச்சிரைக்க மலையேறி வந்தார்கள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. போதகர் துணியை இழுத்து, மேலே இருந்த வேத வார்த்தையிலிருந்து தொடங்கிக் கணீரென்று வாசித்தார்.

"எபனேசர். சுந்தரதாஸ் நினைவு இல்லம். பொறுப்பேற்றுக் கட்டியவர், ஈசாக்."

"ஆமென்" என்றது கூட்டம்.

லீலாபாய் கல்லைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பெண்கள் சிலர் அவள் கண் கலங்குவதாக நினைத்துத் தோளைத் தொட வந்தார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு அம்மிணியிடம் போனாள்.

"அம்மிணி, ஒனக்க வீட்டுப் பாரைய எடுத்துட்டு வா."

அம்மிணி எதற்கென்று கேட்கவில்லை. சரிவில் இறங்கி ஓடி, கம்பிப்பாரையோடு வந்தாள். லீலாபாய் அதைக் கல்லின் இடுக்கில் குத்தினாள். கூட்டம் திகைத்துப்போனது. ஈசாக் குறுக்கே வந்தான்.

"அக்கா, நாலுபேரு நிக்கியாவ. அது அத்தானுக்க பேராக்கும். செத்த மனுசனுக்க பேரை எடுக்கப்பிடாது."

"செத்த மனுசனுக்குக் கல்லறையில நான் ஒரு கல்லு வச்சிருக்கேன். அதுல அவருக்க பேரு உண்டு. உயிரோட இருக்கியவளுக்கு ஒண்ணு வேண்டாமா?"

"ஒனக்குப் பொறவு ஆரு பாக்கப்போறா இத? ஒரு ஆம்பள பேரு வேண்டாமா?"

"அதுக்குத்தான் ஒனக்க பேரப் போட்டியா, லே?"

ஈசாக் போதகர் முகத்தைப் பார்த்தான். போதகர் வேதாகமத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, இதில் நான் இல்லை என்பதுபோல மரத்தைப் பார்த்தார். சஜுதான் மெல்ல முன்னால் வந்தான்.

"நேத்துதான் பதிச்சது சிஸ்டரே. இன்னும் பிடிச்சிருக்காது. இடப்பக்கமாட்டு நெம்புங்க."

இரண்டு நெம்பில் கல் கழன்று வந்தது. சஜுவும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு போய், ஊற்றடியில் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி போட்டார்கள். துணி துவைக்க நல்ல வழவழப்பான கல். லீலாபாய் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"இந்த வீட்டுக்கு லீலாபாய்னு பேரு. போதகரு இன்னொருக்க ஜெபம் பண்ணணும்."

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து, லீலாபாய் என்ற பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஆமென் முதலில் அம்மிணியிடமிருந்து வந்தது. அவள் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். பிறகு சஜு சொன்னான், பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். ஈசாக்கின் உதடு அசையவில்லை. பிரியாணிப் பந்தியிலும் அவன் உட்காரவில்லை, விறைப்பாக வேலியோரம் நின்றான்.

சபையார் சாப்பிட்டு இறங்கினார்கள். கடைசி ஜீப் லீலாபாய் வாடகைக்குப் பிடித்தது. வேறு வழியில்லாமல் ஈசாக் அதில்தான் ஏறி உட்கார்ந்திருந்தான். லீலாபாய் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். முன் சீட்டில் ஏறிப் பாரையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். கையில் சஜுவின் சுத்தியலும் உளியும் இருந்தன.

"நீ எங்க அக்கா வாறே? இதொக்க எதுக்கு?" என்றான் ஈசாக்.

"பாறசாலைக்கு. அங்கயும் ஒரு கல்லு உண்டுல்லா."

ஈசாக் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டான். "அது அப்பாக்க பேரு உள்ள கல்லாக்கும்."

"அப்பாக்க பேரு அங்கயே இருக்கட்டு. அதுக்குப் பாரை வேண்டாம்" என்று பாரையை, வழியனுப்பக் கீழே நின்ற அம்மிணியிடம் நீட்டினாள். "கீழ உள்ள ஒரு வரிதானே. உளி போதும்."

பிறகு டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.