மூன்று உலக்கைப் படகு

ஜவ்வாது மலைமேல் படகு ஏறிய கதையை நம்பாதவர்கள் நேரே புலிச்சிக்கொல்லைக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். பஸ் ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான், அதிலும் ஒன்று வராது. அதைவிட நம்பிவிடுவது சுலபம்.

படகு படவேட்டிலிருந்து லாரியில் வந்தது. இருபத்திரண்டு அடி. லாரி எவ்வளவு நீளமோ அதற்கு மேல் எட்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போன மாசி மாதம், புளி பழுத்துத் தொங்குகிற சமயம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லாரி திரும்பத் திரும்ப, படகின் மூக்கு இந்தப் பக்கத்து மரத்தை ஒரு உலுக்கு, அந்தப் பக்கத்து மரத்தை ஒரு உலுக்கு. பின்னாலேயே கூடையோடு நடந்த பெண்கள் அந்த வருஷம் புளி உலுக்க ஆளே வைக்கவில்லை என்று சொல்கிறார்கள். குரங்குகள் மட்டும் இன்னும் அந்த லாரியை மன்னிக்கவில்லை.

படகுக்குச் சொந்தக்காரர் பஞ்சாட்சரம். படவேட்டுக்காரர், புலிச்சிக்கொல்லை ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். பெரிய ஏரி, பெரிய படகு என்று கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார். ஓட்ட ஆள் இல்லை. மலைக்காரர்கள் தண்ணீரைக் குடிப்பார்கள், குளிப்பார்கள், அதன்மேல் போய் உட்காரமாட்டார்கள். படகைக் கரைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவர் ஒரு தெர்மாகோல் மிதவையில் தனியாக வலை போட்டுக்கொண்டிருந்தார். படகுக்கு அடியில் ஆடுகள் படுத்தன.

அந்தப் படகைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது ஊரில் ஒரே ஒருத்தி. வெற்றிவேலின் மனைவி நதியா.

நதியா பிறந்தது மலையடிவாரத்தில், அமிர்தி பக்கம். கட்டிக்கொண்டு மலைக்கு வந்த ஒரு வருஷத்துக்குள் புருஷனும் பெண்டாட்டியும் கேரளாவுக்குப் போய்விட்டார்கள். வெற்றிவேலுக்கு மிளகுத் தோட்டம். நதியாவுக்கு ஆலப்புழைப் பக்கம் கயிறு திரிக்கிற கொட்டகை. மூன்றாவது வருஷம் அங்கே பெண்கள் ஓட்டுகிற வள்ளத்தில் ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டது. பந்தயத்துக்கு ஒன்பது நாள். கொட்டகைக்காரி நதியாவின் தோளை ஆட்டுச்சந்தையில் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்த்து, நீந்தத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று நதியா சொன்னாள். அதுவரை அவள் கழுத்தளவு தண்ணீரைச் சினிமாவில்தான் பார்த்திருந்தாள். நீச்சலை அதற்கப்புறம் அவசரமாகக் கற்றுக்கொண்டாள், பாதி ஏரியைக் குடித்து.

ஐந்து வருஷம் அந்த வள்ளத்தில் உட்கார்ந்தாள். முப்பது பேர், முப்பது துடுப்பு, ஒரே நொடியில் தண்ணீருக்குள். அப்போது முதுகுத்தண்டில் ஒரு அதிர்வு ஏறும். அந்த நொடியில் தான் வேற்றூர்க்காரி, பாஷை தெரியாதவள், கூலிக்காரி என்பதெல்லாம் நினைவிலேயே இருக்காது. பெயர்கூட இருக்காது. பிறகு மாமனார் நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று ஊர் திரும்பினார்கள். சாமை விதைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கைகள் சும்மா இருக்க மறுத்தன. தூக்கத்தில் அவள் துழாவித் துழாவி வெற்றிவேல் கட்டிலோடு வாசல்வரை போயிருக்கிறான் என்று ஊரில் பேச்சு. கட்டிலுக்குச் சக்கரம் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஐப்பசியில் பஞ்சாட்சரம் படகை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. நதியா நேரே போய் நின்றாள்.

"அண்ணே, படகை எடுத்துனு போகாதீங்க. நாங்க ஓட்டறோம்."

"நாங்கன்னா யாரு?" என்றார் பஞ்சாட்சரம். அவளுக்குப் பின்னால் ஒரு எருமை நின்றது. "இதுவா?"

"ஆளு சேத்துடுவேன்."

பஞ்சாட்சரம் காதைக் குடைந்தபடி யோசித்தார். ஓட்ட ஆள் கிடைத்தால் அவருக்கும் லாபம்தான். "பொங்கல் கரிநாள் கழிஞ்ச மறுநாளு லாரி வருது. அதுக்குள்ள ஆறு பேரைச் சேத்துக்கோ. மதகுகிட்டேருந்து அக்கரை நாவமரம் வரிக்கும் போய்ட்டு நேரா திரும்பி வந்து காட்டு. காட்டிட்டா படகு இங்கயே கெடக்கட்டும், நான் வலை போடற அன்னிக்கு மட்டும் நீங்க ஓட்டுங்க. காட்டலன்னா படகு லாரி ஏறிடும். அப்புறம் என்னை அண்ணேன்னு கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல."

முதலில் ஆண்களைக் கேட்டாள். வெற்றிவேலை ஏற்றினாள். அவன் படகின் இரண்டு விளிம்பையும் இரண்டு கையால் பிடித்தான். துடுப்பைப் பிடிக்க ஒரு கையாவது விடவேண்டுமே, விடவில்லை. கரைக்கு வந்தபிறகும் விடவில்லை. சோறு போட்டதும்தான் விட்டான். அவன் நிலைமையைப் பார்த்த மற்ற ஆண்களுக்கெல்லாம் அன்றைக்கே காட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

மார்கழி பிறந்தது. ஒரு காலை நதியா கோயில் பாறைப் பக்கம் போனபோது சத்தம் கேட்டது. திம், திம், திம், நிற்காத சத்தம். பொங்கலுக்கு அம்மனுக்குப் படைக்கிற புதுச் சாமையை மில்லில் கொடுக்கமாட்டார்கள். பாறையில் குடைந்த குழியில்தான் குத்தவேண்டும், ஒரு குழிக்கு மூன்று பெண்கள், மூன்று உலக்கை. கன்னியம்மாளும் செந்தாமரையும் ஈஸ்வரியும் ஒரு குழி; பக்கத்துக் குழியில் இன்னும் மூன்று பேர், அதில் ரேஷன் கடையில் எடை போடுகிற கீதாஞ்சலியும் ஒருத்தி. ஒரு சாண் குழிக்குள் மூன்று உலக்கை இறங்கி ஏறுகிறது, ஒன்றோடொன்று உரசவில்லை. பேச்சும் நிற்கவில்லை. கன்னியம்மாள் உலக்கையைத் தலைக்குமேல் தூக்கியபடியே மருமகளைப் பற்றி ஒரு முழுக் குற்றப்பத்திரிகை வாசித்து முடித்தாள்.

நதியா அந்தத் தோள்களைப் பார்த்தாள். ஆறு பேர். எண்ணி வைத்தாற்போல ஆறு பேர்.

"யக்கா, படகு ஓட்ட வர்றீங்களா?"

கன்னியம்மாளுக்கு ஐம்பது வயது, யாருக்கும் பயந்து பழக்கமில்லை. "வூட்ல சொல்லிட்டு சாவணுமா, சொல்லாம சாவணுமா?"

"சாவல்லாம் மாட்டீங்க. ஆளுக்கு ரெண்டு காலி எண்ணெய் கேன் கட்டிடுவேன், மெதப்பீங்க."

"அப்ப சரி. ஒரு தபா ஏரி நடுவுல போய் நின்னு எங்கூரு எப்டிக்கீதுன்னு பாக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை. ஆனா ஒண்ணு நதியா, வேலை செய்யசொல்லோ எனக்கு யாரும் ஆடர் போடக்கூடாது."

மறுநாள் காலை ஆறு பெண்கள் பன்னிரண்டு எண்ணெய் கேனோடு படகில் ஏறினார்கள். ஆடுகள் இடம் காலியானதில் வருத்தத்தோடு கரையில் நின்றன. நதியா பின்னால் பெரிய துடுப்போடு உட்கார்ந்து, "எல்லாரும் ஒண்ணா, போடு" என்றாள்.

கன்னியம்மாள் போட்டாள். அவள் எடுக்கும்வரை செந்தாமரை காத்திருந்து போட்டாள். அவள் எடுத்ததும் ஈஸ்வரி. இடதுபுறம் மூன்று பேர் முடித்தபிறகு வலதுபுறத்தில் கீதாஞ்சலி மரியாதையாக ஆரம்பித்தாள். படகு முதலில் வலப்பக்கம் சுற்றியது, பிறகு இடப்பக்கம் சுற்றியது, பிறகு தன் வாலைத் தானே பிடிக்கப் பார்த்தது. நதியாவுக்குத் தலை கிறுகிறுத்தது. ஏரி மீன்களில் பாதி அன்றைக்கு மயங்கிப்போய்ப் பஞ்சாட்சரத்தின் வலையில் தானாக ஏறிக்கொண்டதாகக் கேள்வி.

"ஒண்ணா போடணும்க்கா. ஒரே நேரத்துல."

"ஒரே நேரத்துல போட்டா ஒடைஞ்சிடாது?"

"எது?"

கன்னியம்மாள் யோசித்தாள். உடைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் கை கேட்கவில்லை. பத்து வயதிலிருந்து பழகிய கை. ஒருத்தியுடையது உள்ளே இருந்தால் இன்னொருத்தியுடையது மேலே இருந்தாக வேண்டும். ஆறு பேரும் மனதாரப் பிரயத்தனப்பட்டார்கள். "ஒண்ணா" என்று நதியா சொன்னால், அடுத்தவளுக்கு இடம்விட்டு ஆறு பேரும் ஒண்ணாகக் காத்திருந்தார்கள்.

பதினைந்து நாள் இப்படியே போயிற்று. நதியா எண்ணிப் பார்த்தாள், கைதட்டிப் பார்த்தாள், மலையாளத்தில் கூவிப் பார்த்தாள். கூவலுக்குப் பெண்கள் சிரித்ததில் படகு கூடுதலாக ஆடியது. பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவள் பொறுமை போய்விட்டது.

"ஆலப்புழைல சின்னப் பொண்ணுங்ககூட ஒரே நாள்ல புடிச்சிக்கும். உங்களுக்கு இன்னா கேடு?"

படகு கரைக்கு வந்தது. கன்னியம்மாள் இடுப்பிலிருந்து இரண்டு கேனையும் அவிழ்த்து, மூடி திருகியிருக்கிறதா என்று பார்த்து, ஒழுங்காகக் கரையில் வைத்தாள்.

"அங்கயே போய் அவுங்களோட ஓட்டும்மே," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும். நதியா ஒற்றை ஆளாகப் படகில் உட்கார்ந்திருந்தாள். ஆலப்புழையில் பாஷை தெரியாமல் வாங்கிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. அதே தொனி தன் வாயிலிருந்து வந்தது அதற்கப்புறம்தான் உறைத்தது. தெர்மாகோல் மிதவையில் அந்தப் பக்கமாகப் போன பஞ்சாட்சரம், "லாரிக்காரனுக்குச் சொல்லிட்டேம்மா," என்றார். பாவமாகத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை அவள் கோயில் பாறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. குத்திய சாமையைப் புடைக்க ஆள் தேவைப்பட்டது; முறத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். கன்னியம்மாள் பார்த்துவிட்டு உலக்கையைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "தவிடு காத்தோட வருது பாரு, எங்க மூஞ்சில," என்றாள். நதியா திரும்பி உட்கார்ந்தாள். அதோடு சண்டை தீர்ந்தது.

திம், திம், திம். புடைத்தபடியே நதியா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தோளைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கன்னியம்மாள் உலக்கையை வலது கையால் போட்டாள். மேலே ஏறும்போது இடது கை வாங்கிக்கொண்டது. வலது, இடது, வலது, இடது. உலக்கை ஒன்று, கை இரண்டு. அதனால்தான் அத்தனை நேரம் குத்தியும் அவள் ஒரு பக்கமாகச் சாயவில்லை.

முறம் நின்றது.

"யக்கா, ஒரு உலக்கைக்கு ரெண்டு கை."

"ஆமா. உங்கூர்ல மூணா?"

"படகுல ஒரு பலகைல ரெண்டு பேரு குந்தறீங்கல்ல. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அவுங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு உலக்கை. மொதல் பலகை கன்னியம்மாக்கா உலக்கை. நடுப் பலகை செந்தாமரையக்கா. கடைசி ஈஸ்வரி. படகுல மொத்தம் மூணே உலக்கைதான்."

உலக்கைகள் ஒவ்வொன்றாக நின்றன. கன்னியம்மாள் வானத்தைப் பார்த்து மனதுக்குள் ஒரு தடவை குத்திப் பார்த்தாள்.

"இத பதினஞ்சு நாளிக்கி முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

லாரி வந்த காலையில் ஊரே ஏரிக்கரையில் இருந்தது. வெற்றிவேல் லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்துத் தோளில் மாட்டியிருந்தான். யாரையாவது காப்பாற்றவேண்டி வந்தால் அதை எறியத் தயார், குதிக்கத் தயார் இல்லை. பஞ்சாட்சரம் மதகின்மேல் ஏறி நின்றார். லாரிக்காரர் கயிறுகளைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

படகு கிளம்பியது. முதல் பலகை உள்ளே போனது. அது வெளியே வரும்போது நடுப் பலகை. அது வரும்போது கடைசிப் பலகை. அதற்குள் முதல் பலகை மறுபடி தயார். படகு நேராகப் போனது. கரையில் யாரோ விசிலடித்தார்கள்.

ஏரி நடுவில் காற்று எழும்பி மூக்கைத் திருப்பியது. பயத்தில் நதியாவின் வாய் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

"ஒண்ணா போடு."

ஆறு துடுப்பும் தடுமாறின. படகு ஒரு குலுக்குக் குலுங்கி, மூக்கை மெதுவாகக் கரைப்பக்கம் திருப்ப ஆரம்பித்தது. இன்னும் இரண்டு நொடி போனால் சுற்றிவிடும். லாரிக்காரர் கயிற்றை எடுத்துத் தோளில் போடுவது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. நதியா பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஹ்ம்," என்றது முதல் பலகை. உலக்கை போடும்போது நெஞ்சிலிருந்து வருமே, அந்த மூச்சு. கன்னியம்மாள்தான். "ஹ்ம்," என்றது நடுப் பலகை. "ஹ்ம்," என்றது மூன்றாவது. நதியா பெரிய துடுப்பைச் சாய்த்து மூக்கை மட்டும் நாவமரத்துக்கு நேரே பிடித்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்று தெரிந்தது. முதுகில் அந்த அதிர்வு இல்லை. அது வரவே போவதில்லை. ஆலப்புழையில் துடுப்புகள் மேலே இருக்கிற நொடியில் வள்ளம் ஒரு கணம் தயங்கும். இந்தப் படகு தயங்கவே இல்லை. எப்போதும் யாராவது ஒருத்தி அதைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

நாவமரத்தைச் சுற்றித் திரும்பும்போது கன்னியம்மாள் ஊரைப் பார்த்துக்கொண்டாள். "சின்ன ஊரா கீது," என்றாள். "இதுல இத்தினி சண்டை எப்டி புடிச்சிச்சி?"

மதகுக்கு வந்து இடித்து நின்றபோது பஞ்சாட்சரம் இறங்கி வந்தார். "நானும் எத்தினியோ படகு பாத்துட்டேன். இது ஓட்டறதே இல்லம்மா. நீங்க ஏரியில சாமை குத்தறீங்க."

"நேரா போச்சா?" என்றாள் கன்னியம்மாள்.

"போச்சு."

"நேரா வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப லாரிக்காரருக்கு டீ சொல்லுங்க."

லாரி இரண்டு மூட்டைச் சாமையோடு கீழே இறங்கியது. திரும்பும் வழியில் குரங்குகள் அதன்மேல் எதையோ எறிந்தன. என்னவென்று விசாரிக்காமல் இருப்பது நல்லது.

கீதாஞ்சலி ரேஷன் கடை அட்டை ஒன்றில் 'புலிச்சிக்கொல்லை படகுச் சங்கம்' என்று எழுதிக் கரையில் கட்டினாள். அடுத்த வாரம் இன்னும் ஒரு குழிக்காரப் பெண்கள் பெயர் கொடுக்க வந்தார்கள். எண்ணெய் கேன் தட்டுப்பாடு வந்தது. வெற்றிவேல்கூட ஒரு நாள் ஏறினான், ஒரு கையை விட்டான்.

சங்கம் முறைப்படி தொடங்கிய நாள் காலையில் நதியா பின்னால் உட்காரப் போனபோது கன்னியம்மாள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"ஆடர் போடற வேலைய எங்கிட்ட குடு. நீ போய்க் குத்து, ஈஸ்வரி பக்கத்துல இருந்தவ என் பலகைக்குப் போயிட்டா, அங்க எடம் கீது."

நதியா துடுப்பை வாங்கிக்கொண்டு கடைசிப் பலகையில் உட்கார்ந்தாள். படகு கிளம்பியது. முதல் பலகை போட்டது. நதியாவின் கையும் அதோடேயே இறங்கியது. நடுப் பலகைத் துடுப்பு வந்து அவளுடையதில் படாரென்று மோதியது. துடுப்பு பிடித்த நாளிலிருந்து அவளுடையது இன்னொன்றில் இடித்தது அதுதான் முதல் தடவை.

"பாத்துப் போடும்மே," என்றாள் பின்னாலிருந்து கன்னியம்மாள். "உன் தபா இன்னும் வரல."